பெட்ரோல் விலையைப் பேசிவைத்து ஏற்றினால் அபராதம் உண்டா?

எதிரெதிரே இரண்டு பங்க். இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஆனால் பலகையில் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். "எல்லாரும் பேசிவைத்துக்கொண்டுதானே விலை வைக்கிறார்கள், இவர்களுக்கு அபராதமே கிடையாதா?" என்று பலரும் கேட்கிறார்கள். பேசிவைத்தது நிரூபணமானால் அபராதம் உண்டு.

2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், 3-ஆவது பிரிவு இதைத்தான் தடுக்கிறது. ஒரே தொழிலில் உள்ள நிறுவனங்கள் கூடிப் பேசி விலை வைத்தாலோ, சரக்கைக் குறைத்து விட்டாலோ, டெண்டரில் தொகையை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டாலோ, அதனால் சந்தைக்குக் கேடு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். கேடில்லை என்று காட்ட வேண்டியது நிறுவனங்களின் பொறுப்பு. விசாரிப்பது இந்தியப் போட்டி ஆணையம்.

அந்தக் கூட்டு நீடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் லாபத்தைப் போல மூன்று மடங்கு வரை, அல்லது விற்றுமுதலில் (மொத்த விற்பனைத் தொகையில்) 10 சதவீதம் வரை அபராதம் போடலாம். இரண்டில் எது அதிகமோ அது. 2023 திருத்தத்துக்குப் பிறகு, விற்றுமுதல் என்றால் நிறுவனத்தின் உலகளாவிய மொத்த விற்றுமுதல். அரசு நிறுவனம் என்று சொல்லியும் தப்ப முடியாது. அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவின் வழக்கில் 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம், பொதுத்துறை நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவையே என்று தீர்ப்பளித்தது.

சிக்கல் நிரூபிப்பதில்தான். விலை ஒன்றாக இருப்பது மட்டும் குற்றமாகாது. பேசிவைத்தார்கள் என்பதற்குச் சான்று வேண்டும். அரசின் விலைக் கட்டுப்பாடு பெட்ரோலுக்கு 2010-லும் டீசலுக்கு 2014-லும் நீங்கியது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்கத் தினசரி விலை வந்தது. எல்லாரும் ஒரே சர்வதேச விலையைப் பார்த்துக் கணக்குப் போடும்போது விடையும் நெருங்கித்தான் வரும். ஓர் உதாரணம்: இந்தியன் ஆயிலின் 2010 டெண்டரில் பேசிவைத்து விலை குறித்ததாக, சமையல் எரிவாயு சிலிண்டர் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஆணையம் 2012-இல் அபராதம் விதித்தது. வாங்குபவர்களே இரண்டு மூன்று பேர்தான், அங்கே விலை ஒத்துப்போவது இயல்பே என்று சொல்லி 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

பெட்ரோல் விற்பனையில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றிலும் பெரும்பங்கு, நேரடியாகவோ அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி வழியாகவோ, மத்திய அரசின் கையில். 2024 மார்ச்சில் மூன்றும் ஒரே நாளில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தன. அதை அறிவித்தது பெட்ரோலிய அமைச்சகம். உரிமையாளர் ஒருவராக இருக்கும்போது யார் யாரோடு பேசிவைத்தார் என்று எப்படி நிரூபிப்பது?

அபராதம் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அபராதத் தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது மத்திய அரசின் கருவூலத்துக்குப் போகிறது. அரசு நிறுவனம் கட்டினால், பணம் அரசின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போனதுபோலத்தான். கூடுதல் விலை கொடுத்த ஆட்டோக்காரருக்கு அதில் ஒரு பைசா வராது. அதனால் வேறு இரண்டு பிரிவுகளைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். 48-ஆவது பிரிவில், முடிவெடுத்த அதிகாரிகளே தங்கள் வருமானத்திலிருந்து அபராதம் கட்ட வேண்டிவரும். 53என் பிரிவில், மீறல் உறுதியான பிறகு, பாதிக்கப்பட்டவர் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம்.

புகார் யாரும் கொடுக்கலாம். தனிநபருக்கும் நுகர்வோர் சங்கத்துக்கும் கட்டணம் 5,000 ரூபாய். நடந்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் ஏற்கலாம். விலைப்பட்டியலை மட்டும் இணைத்து அனுப்பாதீர்கள். கூடிப் பேசியதைக் காட்டும் கடிதமோ செய்தியோ கிடைத்தால் அதைச் சேர்த்து அனுப்புங்கள்.