கேமரா பொய் சொல்லும்

"கேமரா பொய் சொல்லாது, டாக்டர்." இந்த வாரமும் கேட்டாயிற்று. சொன்னவர் போனை நீட்டி, செல்ஃபியில் தன் மூக்கை இரண்டு விரலால் விரித்துக் காட்டினார். எதிரே இருந்த மூக்கில் ஒரு குறையும் இல்லை. அந்த மூக்குக்காகக் கல்லூரிக்குப் போவதையே நிறுத்தியிருக்கிறார்.

கேமரா பொய் சொல்லும். லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாக விழும். 12 அங்குலத்தில் எடுத்தால், 5 அடி தள்ளி எடுப்பதைவிட மூக்கின் அடிப்பகுதி ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கண்ணாடியோ இடத்தையும் வலத்தையும் மாற்றிக் காட்டுகிறது. 1977-ல் வந்த ஆய்வில், தங்கள் படத்தையும் அதன் இடவலம் மாற்றிய பிரதியையும் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கண்ணாடியில் தெரியும் முகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களின் தோழிகள் மற்றதை. அவரவருக்குப் பழகிய முகம்தான் அவரவருக்குப் பிடிக்கிறது. "போட்டோவில் முகம் கோணலாக இருக்கிறது" என்று வருகிறவர்கள் பலருக்கும் சமாச்சாரம் இதுதான்.

ஆனால் சிலருக்கு இவ்வளவும் விளக்கினாலும் மனம் கேட்காது. பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர் என்கிற மனநோய் அது; இல்லாத குறையோ, பிறர் கண்ணில் படாத சின்னக் குறையோ தங்களுக்குப் பூதாகரமாகத் தெரியும். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். தினமும் மணிக்கணக்கில் அந்த ஒரே நினைப்பு. இதைக் கர்வம், அலங்கார மோகம் என்று திட்டாதீர்கள், தயவுசெய்து. தங்களை அழகு என்று நினைப்பவர்கள் அல்ல அவர்கள். வெளியே தலைகாட்டக் கூசுகிறவர்கள்.

அறுவை சிகிச்சை செய்தால் சரியாகிவிடும் என்று பணத்தைக் கொட்டாதீர்கள். பெரும்பாலும் கவலை அப்படியே இருக்கும், இல்லையென்றால் மூக்கிலிருந்து தாடைக்குப் போகும். அப்புறம், "நல்லாத்தானே இருக்கே" என்று நூறு தடவை சொல்வதும் உதவாது. சொன்ன கொஞ்ச நேரம் ஆறுதல், மறுபடி அதே கேள்வி. "இது உன்னை எவ்வளவு படுத்துகிறது என்று புரிகிறது, டாக்டரிடம் போவோம்" என்று சொல்லுங்கள், போதும்.

எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பயிற்சி தந்து மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும், மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளும் பலன் தருகின்றன. மருந்து வேலை செய்ய 12 வாரம்கூட ஆகலாம்; நாலாவது வாரத்தில் நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த நோயில் தற்கொலை எண்ணம் அதிகம். பிள்ளை ஒரே ஒரு முறை அப்படிப் பேசினாலும் அன்றைக்கே அழைத்து வாருங்கள், மறுநாள் என்று வைக்க வேண்டாம்.