மஞ்சள் பட்ட விரிப்பு: ஒரு பயிற்சி ஹோட்டலின் உள்ளே

சனிக்கிழமை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கல்யாணம். வெளியூர் உறவுக்காரர்கள் எங்கள் ஊர்ப் பயிற்சி நிலையம் மாணவர்களை வைத்து நடத்தும் ஹோட்டலில் தங்கினார்கள். ஞாயிறு மதியம் அவர்கள் கிளம்பிய பிறகு விரிப்புகளை வாரிக்கொண்டு சலவைக் கூடத்துக்கு வந்தாள் என் அக்கா மகள். இரண்டு விரிப்பில் நலங்கு மஞ்சள் ஈஷியிருந்தது. இயந்திரத்தில் போடும் முன் கறையின் மேல் சலவைக் கரைசலை ஊற்றித் தேய்த்தாள். மஞ்சள் சட்டென்று ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. அவளுக்குப் பத்தொன்பது வயது. அங்கே ஹோட்டல் வேலை படிக்கச் சேர்ந்து மூன்றாவது வாரம்.

"விரிப்பைக் கெடுத்துட்டேன் மாமா" என்று அன்று இரவு போனில் அழாத குறை.

"வாசலில் ஆரத்தி எடுக்கிறாங்களே, தட்டில் என்ன கலக்குறாங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "மஞ்சளும் சுண்ணாம்பும்" என்றாள்.

அதேதான். மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்னும் பொருள். அமிலத்திலும் வெறும் தண்ணீரிலும் அது மஞ்சளாக இருக்கும். சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் அதன் மூலக்கூறு சில ஹைட்ரஜன் அயனிகளை இழந்து, ஒளியை வேறு விதமாக உறிஞ்சி, சிவப்பாகத் தெரியும். ஹோட்டல் சலவைத் தூள் வீட்டில் போடுவதைவிடக் காரம் கூடியது. விரிப்பு கெடவில்லை, காரம் இருக்கிறது என்று மஞ்சள் சொல்லிக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். இடைநிலைப்பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல பாடம் என் வகுப்பறையில் நடந்ததில்லை. அதற்கு ஒரு கல்யாணமும் ஒரு சலவைக் கூடமும் வேண்டியிருந்தது.

மலேசியாவின் பேராக்கில் எங்கள் ஊர் ஒரு தோட்ட நகரம். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இப்போது சுற்றிலும் செம்பனைதான், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்கள் பலரும் டவுனுக்கு வந்துவிட்டார்கள். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த பிள்ளைகள் கைத்தொழில் படிக்க வரும் பயிற்சி நிலையங்களில் ஒன்று, தனக்கென்று 24 அறை உள்ள ஒரு ஹோட்டலை நடத்துகிறது. வருகிறவர்கள் காசு கொடுத்துத் தங்கும் நிஜ விருந்தாளிகள். வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள்.

இந்த யோசனை பழையது. சுவிட்சர்லாந்தின் லோசானில் 1893ல் தொடங்கிய ஹோட்டல் பள்ளிதான் உலகின் முதல் ஹோட்டல் பள்ளி என்று சொல்வார்கள். ஏரிக்கரையில் ஒரு ஹோட்டலுக்குள்ளேயேதான் அதன் முதல் வகுப்புகள் நடந்தன. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 1922ல் ஹோட்டல் நிர்வாகப் படிப்பைத் தொடங்கியது. அதன் வளாகத்தில் ஸ்டாட்லர் ஹோட்டல் இன்றும் விருந்தாளிகளை ஏற்கிறது. மலேசியாவிலும் 2005 முதல் தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. ஜெர்மனியின் முறையைப் பார்த்து வந்தது அது. பயிற்சியில் ஏறக்குறைய 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலும் மீதி வகுப்பிலும் நடக்கும்.

சரி, பாதிப் பேர் வேலை தெரியாதவர்கள். அப்படி ஒரு ஹோட்டல் எப்படி ஓடுகிறது?

காலை 7 மணிக்குப் பெரட்டு, அதாவது ஆள் கூட்டி வேலை பிரிப்பது. தோட்டத்தில் விடியற்காலை வரிசையில் நிற்க வைத்துக் கணக்கரான கிராணி யாருக்கு எந்த மர வரிசை என்று நிரை பிரித்துக் கொடுப்பாரே, கிட்டத்தட்ட அதேதான். யாருக்கு எந்த அறை, எந்த அறையில் ஆள் கிளம்புகிறார், எதில் இன்னும் தங்குகிறார் என்று வாசிப்பார்கள். பழகிய கை ஒரு ஷிப்டில் 12 முதல் 16 அறை வரை சுத்தம் செய்யும். புதிய மாணவிக்கு நாலு அறைதான். பயிற்சி ஹோட்டலின் முதல் சூட்சுமம் இந்தத் தாராளம். ஒரே வேலைக்கு ஆள் கூடுதல், நேரம் கூடுதல். பிழை செய்யவும் திருத்தவும் அதற்குள் இடம் இருக்கிறது.

இரண்டாவது சூட்சுமம், எதையும் இரண்டு முறை எண்ணுவது. வரவேற்பு மேசையின் கணினி 207ஆம் அறை காலி என்று சொல்லும். அறையைத் திறந்து பார்க்கும் மாணவி தன் தாளில் தனியாக எழுதுவாள்: கட்டில் கலைந்திருக்கிறது, பெட்டி இருக்கிறது. இரண்டு கணக்கும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஒத்துப் பார்க்கப்படும். ஒத்துவராத அறையில்தான் பிழை ஒளிந்திருக்கும். யாரோ காசு கட்டாமல் கிளம்பியிருக்கலாம், இல்லை யாரோ ஒருவர் கணினியில் தவறாகத் தட்டியிருக்கலாம். அப்பாவின் பால் வாளியைத் தராசில் வைத்ததோடு விடமாட்டார்கள். மெட்ரோலாக் என்னும் மிதவைமானியை மிதக்கவிட்டு அதில் ரப்பர் எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். தண்ணீர் சேர்ந்தால் எடை ஏறும், மெட்ரோலாக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே பொருளைத் தொடர்பில்லாத இரண்டு வழியில் அளந்தால் ஒன்றின் பொய்யை மற்றது பிடிக்கும்.

விரிப்புக்கும் கணக்கு உண்டு. 24 கட்டிலுக்கு இரண்டிரண்டாக 48 விரிப்பு. கட்டிலில் ஒரு செட், சலவையில் ஒரு செட், அலமாரியில் ஒரு செட் என்று மூன்று பங்கு, மொத்தம் 144. எல்லா அறையும் நிரம்பி, தினமும் மாற்றுவதாக இருந்தால், இயந்திரம் ஒரு நாள் நின்றாலும் அலமாரி காப்பாற்றும். இரண்டாம் நாள் காப்பாற்ற எதுவும் இல்லை.

அழுக்கு விரிப்பு முதலில் காரக் கரைசலில் ஊறுகிறது. காரத்தில் பருத்தி இழை உப்பிக் கொடுக்கும், உள்ளே சிக்கிய அழுக்கு இளகும். உடம்பு எண்ணெயில் ஒரு பகுதி காரத்தோடு சேர்ந்து தானே சோப்பாகிவிடும். ஆனால் அந்தக் காரம் துணியில் தங்கிவிட்டால், பிறகு சூடான உருளைக்குள் போகும்போது விரிப்பு பழுப்பாகும். அதனால் கடைசி அலசலில் கொஞ்சம் மென்மையான அமிலம் சேர்ப்பார்கள். போதுமா என்று பார்க்க ஈரத் துணியில் பினாப்தலீன் என்னும் நிறங்காட்டியை ஒரு சொட்டு விடுவார்கள். இளஞ்சிவப்பு வந்தால் காரம் இன்னும் இருக்கிறது. வீட்டு ஆரத்தித் தட்டும் இந்தச் சொட்டும் செய்வது ஒரே வேலை.

அடுத்து இஸ்திரி. விரிப்பை நன்றாகக் காய வைத்துக் கொண்டுவருவதுதான் மாணவர்கள் செய்யும் முதல் தப்பு. பருத்தி செல்லுலோஸ் சங்கிலிகளால் ஆனது. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் கைகோத்து நிற்கும். கசங்கிய நிலையிலேயே காய்ந்தால் கைகள் அப்படியே இறுகி, சுருக்கம் நிலைத்துவிடும். தண்ணீர் மூலக்கூறுகள் நடுவே புகுந்தால் பிடி விடும், சங்கிலிகள் நகரும். அந்த நேரத்தில் உருளையின் சூடும் அழுத்தமும் துணியைத் தட்டையாக்கி நீரை விரட்டினால், புதிய இடத்தில் மறுபடி கை கோத்துக்கொள்ளும். அதனால்தான் விரிப்பை லேசான ஈரத்தோடு உருளைக்குள் விடுகிறார்கள். எங்கள் அம்மா பள்ளிச் சீருடையில் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்து, அரை மணி கழித்து இஸ்திரி போடுவார். காரணம் அவருக்குத் தெரியாது, செய்முறை சரியாகத் தெரியும்.

அடுப்படித் துணிகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பொரித்த எண்ணெய் ஊறிய துணி துவைத்த பிறகும் கொஞ்சம் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். அது காற்றின் ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து சூடு விடும். உலர்த்தியிலிருந்து சுடச்சுட எடுத்து மடித்துக் குவித்தால் சூடு வெளியேற வழியில்லை. மணிக்கணக்கில் ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். அதனால் உலர்த்தி கடைசிச் சில நிமிடம் சூடில்லாமல் சுழல வேண்டும், துணி ஆறிய பிறகுதான் மடிக்க வேண்டும். தலையணை உறையில் படியும் தேங்காய் எண்ணெய் அவ்வளவு எளிதில் ஆக்சிஜனோடு சேராது. சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களில்தான் ஆபத்து அதிகம். இதைத் தெரியாமல் யாரையும் சலவைக் கூடத்தில் தனியே விடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சமையலறையில் எதிரி சோறு. காலைப் பசியாறலுக்குத் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வைக்காத ஹோட்டல் இங்கே ஏது? பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வேகும்போதும் சாகாமல் பிழைக்கும். சோறு வெதுவெதுப்பாக நின்றால் முளைத்துப் பெருகி நஞ்சு உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. அதனால் பரிமாறும் சோறு 60 பாகைக்கு மேல் நிற்க வேண்டும், இல்லையென்றால் வேகமாக ஆற்றிக் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். ஆற்றும்போது பாத்திரத்தின் ஆழம் முக்கியம். கட்டியான உணவில் ஆழம் பாதியானால் ஆறும் நேரம் ஏறக்குறைய கால் பங்காகிறது. பெரிய குண்டானில் விடாமல் தட்டையான தட்டுகளில் பரப்புவது அதற்காகத்தான். மாணவர் ஒருவர் வெப்பமானியைச் சோற்றில் குத்திப் பார்த்து, எண்ணை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

வகுப்பில் தப்பு செய்தால் ஆசிரியர் அப்போதே சொல்லிவிடுவார். ஹோட்டலில் தப்பு வேறோர் இடத்தில், வேறொரு நாளில் முளைக்கும். சலவையில் அமிலம் குறைந்ததை, நாலு நாள் கழித்துக் கட்டில் விரிக்கும் இன்னொரு பிள்ளை பழுப்பாகப் பார்ப்பாள். அதனால்தான் ஒரே துறையில் வைக்காமல் சலவை, அறை, சமையல், வரவேற்பு என்று சில வாரத்துக்கு ஒரு முறை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இன்று துவைத்தவளே அடுத்த மாதம் அந்த விரிப்பை விரிக்கிறாள், அதற்கடுத்த மாதம் மேசையில் நின்று அதைப் பற்றிய புகாரைக் கேட்கிறாள். விருந்தாளி அறைக்குள் நுழையும் முன் மேற்பார்வையாளர் ஒருவர் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுவார். கற்றுக்கொள்ளும் பிள்ளையின் பிழைக்கு விருந்தாளி விலை கொடுக்கக்கூடாது.

திங்கட்கிழமை அக்கா மகள் அந்த இரண்டு விரிப்பையும் அமிலம் சேர்த்த தண்ணீரில் முக்கினாள். சிவப்பு கண்ணெதிரே மஞ்சளுக்குத் திரும்பியது. மறுபடி துவைத்து, பின்பக்கம் செம்பனையைப் பார்த்த கொடியில் வெயிலில் போட்டாள். குர்குமினை வெளிச்சம் சிதைத்துவிடும். மஞ்சள் துணியை வெயிலில் போடு என்று பாட்டிகள் சொன்னது வேதியியல்தான். மூன்றாம் நாள் மாலை மேற்பார்வையாளர் இரண்டையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். ஒன்று அலமாரிக்குப் போனது. மற்றதன் ஓரத்தில் மெல்லிய நிழல் மிச்சம் இருந்ததால் துடைப்புத் துணியாகக் கிழித்தார்கள். கணக்கு நோட்டில் 144ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 143 என்று அவளே எழுதினாள்.