பாட்டு உருக்குகிறது, மேடை ஏன் சப்பென்று இருக்கிறது?

கச்சேரி முடிந்து விளக்கைப் போட்ட பிறகு, நான் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போதுதான் ரசிகர்களின் உண்மையான விமர்சனம் காதில் விழும். மிக்ஸர் என்னும் ஒலிக் கலவைப் பலகைக்குப் பின்னால் நிற்கும் ஒலிப் பொறியாளன் அவர்கள் கண்ணுக்கு ஒரு தூண். தூண் பக்கத்தில் இருக்கிறதே என்று யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. சிகாகோவின் சின்ன அரங்குகளில் பல ஆண்டுகளாக இந்த வேலை செய்கிறேன். ஆல்ட்-கன்ட்ரி குழு வந்த இரவுகளில் அநேகமாக ஒரே வாக்குவாதம்தான். "என்ன எழுத்து! ஆனால் மேடையில் உயிரே இல்லை" என்பார் ஒருவர். "பாட்டைக் கேட்க வந்தாயா, கூத்துப் பார்க்க வந்தாயா?" என்பார் கூட வந்தவர்.

இரண்டு பேருக்கும் பதில் சொல்ல நாக்குத் துடிக்கும். சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

இந்த இசையோடு பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கன்ட்ரி இசை கதை சொல்லும் பாங்கையும் பங்க் ராக்கின் முரட்டுக் கிட்டாரையும் ஒரே வண்டியில் ஏற்றியதுதான் ஆல்ட்-கன்ட்ரி. செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு அக்கரையில், இல்லினாய் மாநிலத்துப் பெல்வில் ஊரிலிருந்து வந்தது அங்கிள் டுபெலோ என்ற குழு. அவர்கள் 1990இல் வெளியிட்ட 'நோ டிப்ரெஷன்' தொகுப்புதான் இதற்குப் பிள்ளையார் சுழி என்பது பொதுவான பேச்சு. 1995இல் அதே பெயரில் வேறு சிலர் ஒரு பத்திரிகையே தொடங்கினார்கள். அதற்குள் குழு உடைந்துவிட்டது. 1994 மே 1ஆம் தேதி செயின்ட் லூயிஸில் கடைசிக் கச்சேரி. பாடகர்கள் இருவரில் ஜே ஃபாரர் தனியே போய் சன் வோல்ட்டைத் தொடங்கினார். ஜெஃப் ட்வீடியும் மிச்சமிருந்தவர்களும் வில்கோ ஆனார்கள்.

ரசிகர்களின் சண்டைக்கு இதைவிடத் தோதான பாகப்பிரிவினை கிடைக்காது. சன் வோல்ட்டின் முதல் தொகுப்பான 'ட்ரேஸ்' 1995இல் வந்தது. நள்ளிரவு நெடுஞ்சாலையில் வானொலியைத் துணைக்கு வைத்துக்கொண்டு தனியே வண்டி ஓட்டுபவனின் மனத்தை அந்த அளவுக்குப் பிடித்த தொகுப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் ஃபாரர் மேடையில் பேச மாட்டார், அசைய மாட்டார் என்று பெயர் வாங்கியவர். ட்வீடியோ பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கூட்டத்தோடு வம்பளப்பவர். வில்கோ 2005 மே மாதம் எங்கள் ஊர் விக் தியேட்டரில் வாசித்ததைப் பதிவு செய்து, அதையே ஒரு தொகுப்பாக வெளியிட்டது. ஆக, "அவர் எழுதுவார், இவர் நிகழ்த்துவார்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். முப்பது ஆண்டுகளாக மேல்முறையீடு நடக்கிறது.

என் தொழிலில் இருந்து பார்த்தால் இந்தத் தீர்ப்பு கோணலாகத் தெரிகிறது. அங்கிள் டுபெலோவின் கடைசித் தொகுப்பான 'ஆனடைன்' (1993) பாடல்களை ஸ்டூடியோவில் எல்லோரும் ஒன்றாக நின்று நேரடியாக வாசித்தே பதிவு செய்தார்கள். பின்னால் தனித்தனியாக ஒட்டிச் சேர்க்கவில்லை. அதில் ஃபாரரின் குரலுக்கு உயிரில்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதே மனிதர், அதே அடக்கம், அதே அசையாத உடம்பு. ஸ்டூடியோவில் கேட்டது அரங்கில் கேட்கவில்லை என்றால் இடையில் எங்கோ எதுவோ தொலைந்திருக்கிறது. தொலைந்ததைத் தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒரு ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். குழுவின் பெயர் வேண்டாம். நாஷ்வில்லில் இருந்து எட்டு மணி நேரம் வேன் ஓட்டிக்கொண்டு நான்கு பேர் வந்து இறங்கினார்கள். கிட்டார்கள் வேனின் பின்புறத்தில் விறைத்துக் கிடந்தன. குளிரில் இறுகிய கம்பி, சூடான அரங்குக்குள் வந்ததும் தளரத் தொடங்கும், தளர்ந்துகொண்டே இருக்கும். சுருதி சேர்த்த இரண்டாவது நிமிடமே இறங்கிவிடும். கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக்குக்குக் கிடைத்தது இருபது நிமிடம்.

பாடகருக்குக் கனத்த, தாழ்ந்த குரல். மைக்கில் இருந்து ஒரு சாண் தள்ளி நின்று பாடினார். அவருக்கு நேர் பின்னால் ஆறடியில் ட்ரம்ஸ். மைக்குக்கு யார் குரல், எது தாளம் என்று தெரியாது. வருவதை எல்லாம் வாங்கிக்கொள்ளும். சாண் தூரத்துக் குரலும் பின்னால் மோதும் சிம்பலும் (ட்ரம்ஸின் உலோகத் தட்டு) அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். நான் குரலை ஏற்றினால் சிம்பலும் கூடவே ஏறியது. இன்னும் ஏற்றினால் மைக் ஊளையிடும். "கொஞ்சம் நெருங்கி நின்று பாடுங்கள்" என்று கேட்டேன். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், சிம்பல் இருந்த இடத்திலேயே இருக்கும். வேறு எந்த விசையைத் திருகினாலும் இந்த ஆதாயம் கிடைக்காது. அவர் தலையை ஆட்டினார். இரண்டு வரி நெருங்கிப் பாடினார். மூன்றாவது வரியில் பழைய இடத்துக்கே போய்விட்டார். இருபது வருடப் பழக்கம் இருபது நிமிடத்தில் போகுமா?

கிட்டார்காரர் வேறு ரகம். அவருடைய ஆம்ப்ளிஃபயர் தரையில், அவர் கெண்டைக்காலைப் பார்த்து நின்றது. காலுக்குக் காது இல்லை. தனக்குக் கேட்கவில்லை என்று குமிழை ஏற்றிக்கொண்டே போனார். முதல் வரிசையில் நிற்பவர்களின் காதுக்கோ அது நேராகப் பாய்ந்தது. நான் குறைக்கச் சொல்லவில்லை. குறைக்கச் சொன்னால் எந்தக் கிட்டார்காரருக்கும் முகம் சிறுத்துவிடும். சமையலறையில் இருந்து ஒரு பால் கூடையைக் கொண்டுவந்து, ஆம்ப்ளிஃபயரை அதன்மேல் தூக்கி, சற்றுச் சாய்த்து வைத்தேன். இப்போது அது அவர் முகத்தைப் பார்த்தது. ஒரு ஸ்வரம் வாசித்தார், திடுக்கிட்டார், அவராகவே 6இல் இருந்த குமிழை 3க்கு இறக்கினார். அன்று நான் செய்த உருப்படியான வேலை அந்தக் கூடைதான்.

அன்று இரவு நான் கேட்ட வாக்குவாதத்தில் ஒருவர் பால்கனிக்கு அடியில், மது பரிமாறும் மேசைக்குப் பக்கத்தில் நின்றவர். இன்னொருவர் என் மிக்ஸருக்கு இரண்டடி முன்னால் நின்றவர். முன்னவருக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. நான்கு பேர் சோகமாக எதையோ முணுமுணுத்துவிட்டுப் போனதாகப் பட்டது. பின்னவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருவரும் சொன்னது உண்மை. பால்கனியின் அடியில் மேல்சுருதி ஒலிகள் சரியாகப் போய்ச் சேராது, கீழ்சுருதி மட்டும் சுவரோரம் தேங்கி நிற்கும். ச், ட், ஃப் போன்ற மெய்யொலிகள் எல்லாம் மேலே, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில் இருக்கின்றன. அவை போனால் சொல்லுக்கு எலும்பு போய்விடும். உயிரெழுத்துகளின் கூழ்தான் மிஞ்சும்.

இங்கேதான் ஆல்ட்-கன்ட்ரிக்கு விழும் அடி மற்ற இசையைவிடப் பலமானது. நடன இசைக் குழுவுக்குச் சொல் போனால் பரவாயில்லை, தாளம் காப்பாற்றும். எழுத்தை நம்பி வந்த குழுவுக்குச் சொல் போனால் மூலதனமே போயிற்று. போதாக்குறைக்கு, தாழ்ந்த ஆண் குரலின் அடித்தளம் இருக்கும் அதே பகுதியில்தான் பேஸ் கிட்டாரும், அகௌஸ்டிக் கிட்டாரின் மரப்பெட்டி முழக்கமும் வந்து குந்துகின்றன. உச்சஸ்தாயியில் கத்துகிற பாடகருக்கு இந்த நெருக்கடியே கிடையாது. "ஃபாரர் மந்தமாகப் பாடுகிறார், இன்னொருவர் உயிரைக் கொடுத்துப் பாடுகிறார்" என்ற ஒப்பீடுகளில் எவ்வளவு உடற்கூறு, எவ்வளவு ஈடுபாடு என்று பிரித்துச் சொல்ல என்னாலேயே முடிவதில்லை.

எழுத்தையே பிரதானமாக வைத்து மேடையில் வென்ற இடங்களைப் பாருங்கள். பாடல்களை எழுதிப் பாடும் டௌன்ஸ் வான் ஸான்ட் 1973இல் ஹூஸ்டனின் ஓல்ட் குவார்ட்டர் என்ற சின்ன மதுக்கூடத்தில் பாடியதன் பதிவு இருக்கிறது. ஒரு குரல், ஒரு கிட்டார், ட்ரம்ஸ் கிடையாது. நாஷ்வில்லின் ப்ளூபேர்ட் கஃபே சுமார் 90 பேர் உட்காரும் இடம். அங்கே பாட்டு நடக்கும்போது பேசினால் வாயை மூடச் சொல்வார்கள். அரங்கு சிறியது, கூட்டம் மௌனம், போட்டிக்கு வேறு வாத்தியம் இல்லை. அதே பாடகரை 400 பேர் பீர் குவளையோடு நின்று பேசும் இடத்தில் நிறுத்திவிட்டு, "மேடை வராது" என்றால் எப்படி?

இனி, குழுவிலும் இல்லாமல் அரங்கிலும் இல்லாமல், உங்கள் காதுக்குள்ளேயே இருக்கும் காரணம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

முதலில் வாசிக்கும் துணைக் குழு பெரும்பாலும் இளவட்டம், சத்தம் தூக்கல். முக்கால் மணி நேரம் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று அதைக் கேட்கிறீர்கள். உள்காதின் நுண்முடிச் செல்கள் களைத்துப்போகின்றன. கேட்கும் திறன் தற்காலிகமாக இறங்குகிறது. அதுவும் எங்கே? பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் பகுதியில். அதாவது, சற்று முன்பு சொன்ன மெய்யொலிகள் குடியிருக்கும் தெருவிலேயே. பிறகு நீங்கள் காத்திருந்த முக்கியக் குழு மேடையேறுகிறது. சத்தம் குறைவாகவும், விளிம்பு மழுங்கியும், போர்வைக்கு அடியில் இருந்து வருவது போலவும் கேட்கிறது. "சப்பென்று இருந்தது" என்று வீட்டுக்குப் போகிறீர்கள். படுத்ததும் காதில் ஒரு ரீங்காரம் கேட்டால், சப்பென்று ஆனது குழு மட்டும்தானா என்று யோசியுங்கள்.

கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ், நாளுக்கு 8 மணி நேரம் 85 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். சின்ன அரங்கில், ட்ரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் மட்டுமே வாசிக்கும்போது, நான் ஸ்பீக்கரைத் திறக்கும் முன்பே என் மீட்டர் 95ஐத் தொட்ட இரவுகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022இல் அரங்குகளுக்காக வெளியிட்ட நெறிமுறை, எந்தக் கால் மணி நேரத்திலும் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. என்னால் முடிந்தவரை அதைக் காக்கிறேன். எல்லா அரங்கிலும் காக்கிறார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

காதடைப்பான் போடுங்கள். மஞ்சள் நிற நுரைப்பஞ்சுக் காதடைப்பான் காதைக் காக்கும், ஆனால் மேல்சுருதிகளையே அதிகமாக விழுங்கும். பாட்டு கம்பளிக்குள் போய்விடும். இசைக்கென்று விற்கும் காதடைப்பான்கள் எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறையச் சமமாகக் குறைக்கும். இரண்டு டிக்கெட் விலைகூட ஆகாது. நான் பையில் எப்போதும் இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன். துணைக் குழு வாசிக்கும்போது போட்டுக்கொண்டு, முக்கியக் குழுவின் மெல்லிய பாட்டு ஒன்றுக்குக் கழற்றிப் பாருங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, குழுக்களை எல்லாம் குற்றமற்றவர்கள் என்று விட்டுவிட மாட்டேன். மேடையில் மௌனமாக நிற்பது குற்றமில்லை, அது சுபாவம். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு சுருதி வைத்துக்கொண்டு, மாற்றுக் கிட்டாரும் கொண்டுவராமல், நடுவில் ஒரு நிமிடம் முளையைத் திருகிக்கொண்டு கூட்டத்துக்கு முதுகைக் காட்டுவது சோம்பல். ஒரே வேகத்துப் பாட்டுகள் ஆறை வரிசையாக அடுக்குவதும் சோம்பல்தான். எழுத்து என்பது தனியறைத் தொழில், மேடை என்பது சத்திரத்துத் தொழில். ஒன்று கைவந்தவருக்கு மற்றது தானாக வரும் என்று எதிர்பார்ப்பதும் தவறு, வராததைக் கொள்கை என்று சொல்லிக்கொள்வதும் தவறு. வில்கோ முதல் நாளே இப்படி வாசித்துவிடவில்லை. ஆட்களை மாற்றிப் பத்து ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிய பிறகுதான் அந்த விக் தியேட்டர் இரவுகள்.

கைப்பேசிப் பதிவை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. அந்தக் கருவி சத்தத்தைக் கண்டால் தானே நசுக்கும், மெல்லியதைக் கண்டால் தானே தூக்கும். ஏற்ற இறக்கத்தை மொத்தமாக இஸ்திரி போட்டுவிடும். பக்கத்தில் நிற்பவரின் சிரிப்பு மட்டும் துல்லியமாக விழும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சொல் கேட்கவில்லை என்றால், முதல் இரண்டு பாட்டுக்குள் மிக்ஸருக்கு வந்து சொல்லுங்கள். "சத்தம் சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எனக்குப் பயனில்லை. "பால்கனிக்கு அடியில் நிற்கிறேன், குரல் புரியவில்லை" என்று இடத்தோடு சொன்னால், மூன்றாவது பாட்டுக்குள் ஏதாவது செய்யப் பார்ப்பேன். விளக்கைப் போட்ட பிறகு சொன்னால் என் கையில் கேபிள்தான் இருக்கும்.