கலிங்கு என்றால் மதகு அல்ல

மழைக்காலத்தில் 'ஏரி நிரம்பி மதகு வழியாக உபரி நீர் வெளியேறுகிறது' என்றொரு செய்தி தவறாமல் வரும். கூடவே போட்ட படத்தைப் பார்த்தால், தண்ணீர் ஒரு கல்வரிசையின் மேலேறி வழிந்துகொண்டிருக்கும். அது மதகு இல்லை, கலிங்கு.

மதகு கரையின் அடியில் இருப்பது. கரையை ஊடுருவிப் போகும் கல் வாய்க்கால். அதன் வாயைத் திறந்தால்தான் வயலுக்குத் தண்ணீர் போகும். திறக்கவும் மூடவும் ஆள் வேண்டும். நீர்க்கட்டி, மடையன், நீராணிக்கன் என்றெல்லாம் அந்த ஆளுக்கு ஊருக்கு ஊர் பெயர் வந்தது அதனால்தான். கலிங்குக்கு ஆள் வேண்டாம். கரையின் உச்சியைவிடச் சில அடி தாழ்வாகக் கட்டிய கற்சுவர் அது. நீர் அந்த மட்டத்தைத் தாண்டினால் தானே வழியும். மண்கரையின் மேல் தண்ணீர் ஏறிவிட்டால் பின்சரிவை அரித்து அரித்துக் கரையையே கொண்டுபோய்விடும். அந்த நிலைமை வராமல் பார்த்துக்கொள்வதுதான் கலிங்கின் வேலை.

இந்தச் சொல் கலிங்கு, கலிங்கல், கலுங்கு, கலங்கல் என்று பல வடிவங்களில் வழங்குகிறது. வெள்ளம் கலங்கி வருவதால் 'கலங்கல்' என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கலங்காத தெளிந்த நீர் வழிந்தாலும் அதே பெயர்தானே? மலைக்கு அப்பால் மலையாளத்தில் 'கலுங்கு' என்றால் சாலைக்கு அடியில் நீர் போகும் சிறுபாலம். மாலையில் இளவட்டங்கள் உட்கார்ந்து அரட்டையடிக்கும் அந்தக் கைப்பிடிச் சுவரும் அதில் சேர்த்தி.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயப் பொறியாளர்களுக்கு இதற்குச் சொந்தமாக ஒரு சொல் தேவைப்படவில்லை. சென்னை மாகாணப் பாசன அறிக்கைகளில் 'கலிங்குலா' என்றே எழுதினார்கள். 1886இல் வெளிவந்த, ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலும் அது ஏறிவிட்டது. நம்மிடம் வாங்கிய சொல்லை அவர்கள் அறிக்கையில் எழுத, நாம் அதை விட்டுவிட்டு 'சர்ப்ளஸ் வியர்' என்கிறோம்.

ஊர்ப் பேச்சில் வேறு சொற்களும் உண்டு. வடமாவட்டங்களில் 'ஏரி கோடி போகுது' என்பார்கள். கோடி என்றால் கடைசி. தெருக்கோடி, தனுஷ்கோடியில் வருகிற அதே கோடி. கரை முடிகிற கெட்டியான தரையில் கலிங்கைக் கட்டுவது வழக்கம் என்பதால் இடத்தின் பெயரே கட்டுமானத்துக்கும் ஆகிவிட்டது. கன்னடத்திலும் 'கோடி'தான். நெல்லைப் பக்கம் 'குளம் மறுகால் பாயுது' என்பார்கள். பாசனக்கால் ஒன்று, உபரி போகிற கால் இன்னொன்று. அந்த இன்னொன்றுதான் மறுகால். மறுகால்தலை, மறுகால்குறிச்சி என்று ஊர்ப்பெயரிலும் அது நிற்கிறது. ஈழத்திலோ 'குளம் வான் பாய்கிறது' என்பார்கள். இந்த வானை ஆகாயத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சிங்களத்திலும் நீர் வழியும் கதவு 'வான் தொர'தான்.

பழைய கலிங்கு ஒன்றின் அருகே போனால் முதலில் கண்ணில் படுவது, அதன் தலையில் வரிசையாக நட்டுவைத்த குத்துக்கற்கள். அவை அலங்காரமல்ல. பெருமழை ஓய்ந்து இனி வெள்ளம் வராது என்று உறுதியானதும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பலகை செருகியோ, மண்ணும் புல்கட்டியும் வைத்தோ அடைப்பார்கள். கூடுதலாக ஒன்றிரண்டு அடி தண்ணீர் நிற்கும். ஏரியின் மேல்மட்டம்தான் அகலமானது என்பதால் மேலே கூடும் அந்த ஓரடியில் நிற்கும் தண்ணீர், ஏரியின் அடிமட்டத்து ஓரடியில் நிற்பதைவிடப் பல மடங்கு. அவசரப்பட்டு ஐப்பசியிலேயே அடைத்துவிட்டால் கரைக்கு ஆபத்து.

அந்த மட்டத்துக்காகத்தான் அத்தனை சண்டையும். ஆயக்கட்டுக்காரருக்கு, அதாவது ஏரி நீரில் பாசனம் செய்பவருக்கு, கலிங்கு உயர வேண்டும். ஏரியின் உட்புறம் நீர் ஏறும் நிலத்தில் உழுபவருக்கு அது தாழ வேண்டும்; இரவோடு இரவாக ஒரு கல் பெயர்ந்திருந்தால் யார் வேலை என்று ஊருக்கே தெரியும். சங்கிலித்தொடர் ஏரிகளில் மேலேரியின் கலிங்கு வழிந்தால்தான் கீழேரிக்குத் தண்ணீர். ஆகவே கீழூர்க்காரரும் வந்து அளந்து பார்ப்பார். கல்லை எடுக்காமலே கலிங்கு கெடவும் வழி உண்டு. சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இணைப்பில் அரசங்கன்று வேர்விடும். அப்புறம், விழுகிற நீரைத் தாங்கப் பின்னால் பாவிய கற்தளத்தின் அடி அரிக்கும். மேலே சுவர் முழுசாகத்தான் இருக்கும், கீழே பள்ளம் தோண்டியிருக்கும். மீன் பிடிக்க இறங்கும் பையன்களுக்குத்தான் அந்தப் பள்ளத்தின் ஆழம் தெரியும்.

சரி, எதற்கு எதைச் சொல்வது? ஏரிக்குக் 'கலிங்கு' போதும், புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டாம். 'உபரி நீர்ப்போக்கி' என்ற அலுவலகச் சொல் பெரிய அணைகளுக்குப் பொருந்தும். கண்மாயைப் பார்த்து யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். கலிங்கின் இடத்தில் ஷட்டர் வைத்திருந்தால்தான் குழப்பம். மதுராந்தகம் ஏரியில் 23.3 அடிக்கு நீர் வந்ததும் மிச்சத்தைக் கிளியாற்றுக்கு விட 110 தானியங்கி ஷட்டர்கள் என்று படித்து வந்தோம். அதை மதகு என்றால் வயலுக்குப் போகிற தண்ணீர் என்று பொருளாகிவிடும். ஈழத்து இரணைமடுக் குளத்துச் செய்திகளில் இதற்கு 'வான்கதவு' என்று எழுதுகிறார்கள். நாமும் அதையே எடுத்துக்கொள்ளலாம்.