சூரியனிலிருந்து ஒரு சாண்

சிங்கப்பூரில் உச்சிப்பொழுது 12 மணிக்கு வருவதில்லை. ஏறத்தாழ 1 மணிக்கே வருகிறது. தீவு 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி அமைந்திருக்க, நம் கடிகாரங்கள் 120 பாகைக்குரிய நேரத்தைக் காட்டுகின்றன. மதிய உணவுக்கு வெளியே வரும் அந்த வேளையில் மெல்லிய வெண்மேகம் வானில் திரைபோல் படர்ந்திருந்தால், சூரியனைச் சுற்றிப் பெரியதொரு வளையம் தோன்றுவதுண்டு. பழந்தமிழில் ஊர்கோள் என்றும் பரிவேடம் என்றும் இதற்குப் பெயர்.

வெப்பமண்டலத்தில் இருக்கும் நமக்கு, இந்த வளையத்தை உண்டாக்குவது பனிக்கட்டி என்பது முதலில் வியப்பாகத்தான் இருக்கும். ஆனால், இங்கும் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்திலேயே வெப்பநிலை உறைநிலைக்கு இறங்கிவிடுகிறது. கீற்றுமேகங்கள் அதற்கும் மேலே மிதக்கின்றன. அவற்றிலுள்ள நுண்ணிய படிகங்கள் ஆறு பக்கம் கொண்டவை. ஒரு பக்கத்தில் நுழைந்து, அடுத்ததை விட்டு அதற்கடுத்த பக்கத்தின் வழியே வெளியேறும் ஒளிக்கு, அந்தப் படிகம் 60 பாகை முப்பட்டகமாகிறது. பனிக்கட்டியின் ஒளிவிலகல் எண் 1.31 என்பதால், அவ்வொளி குறைந்தது ஏறத்தாழ 22 பாகை திசைமாறியாக வேண்டும். அதைவிட அதிகமாகத் திரும்பும் கதிர்களும் உண்டு. எனினும், பெரும்பகுதி இந்தச் சிறும அளவை ஒட்டியே குவிகிறது. வளையத்தின் உட்புறம் இருண்டிருப்பதும், மிகக் குறைவாகத் திரும்பும் சிவப்பு உள்விளிம்பில் அமைவதும் இதனால்தான்.

இந்த அளவை அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. கையை முழுவதும் நீட்டி விரல்களை விரித்தால், ஒரு சாண் வானில் ஏறத்தாழ 20 பாகையை மறைக்கும். கட்டைவிரல் நுனியால் சூரியனை மறைத்துக்கொண்டால், சுண்டுவிரலை ஒட்டி வளையம் நிற்கும்.

வண்ணத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் தவறு நேரும் என்பதற்கு 2017 பிப்ரவரி 20 நல்ல சான்று. அன்று மாலை 5 மணியளவில் மேகமொன்றின் தலையில் பல நிறங்கள் ஒளிர, அதன் படங்கள் ‘நெருப்பு வானவில்’ என்ற பெயரோடு பரவின. அப்பெயரால் பொதுவாகக் குறிக்கப்படும் கிடைவில், சூரியன் 58 பாகைக்கு மேல் இருந்தால் மட்டுமே, அதற்கு இரண்டு சாணுக்கும் சற்று அதிகமாகக் கீழே, தொடுவானத்துக்கு இணையாகத் தோன்றும். சிங்கப்பூரின் உச்சிவெயில் ஆண்டு முழுவதும் 65 பாகைக்குக் குறைவதில்லை என்பதால் நண்பகலில் அதற்கு இங்கே வாய்ப்புண்டு. அன்று மாலையிலோ சூரியன் சுமார் 30 பாகை உயரத்துக்கு இறங்கியிருந்தது. வளரும் மேகத்தின் உச்சியில் தொப்பிபோல் கவிந்த மென்மேகத்தில், ஒரே அளவிலான மிகச் சிறிய துளிகளை ஒளி சுற்றி வளைந்து செல்லும் விளிம்பு விளைவே அந்த நிறங்களுக்குக் காரணம். பனிப்படிக வளையங்களைப் போல் அதற்குக் குறித்த தொலைவு கிடையாது.

‘அகல்வட்டம் பகல் மழை’ என்ற பழமொழியை இங்கே அப்படியே நம்ப இயலாது. சிங்கப்பூரின் கீற்றுமேகங்கள் பல வேளைகளில், ஏற்கெனவே இடித்துப் பெய்த மழைமேகத்தின் உச்சியிலிருந்து பரவியவை.

படம் எடுப்பதில் முதல் தேவை, சூரியனை மறைப்பது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கூரை விளிம்போ தெருவிளக்கின் தலையோ போதும். நிழலில் நின்றுகொண்டால் கண்ணும் காக்கப்படும், லென்ஸுக்குள் ஒளி சிதறி உண்டாகும் பொய்ப் புள்ளிகளும் மறையும். கண்ணாடி வழியே நேரடியாகப் பார்க்கும் கேமராவில் கண்ணை வைத்துச் சூரியனைத் தேடுவது பார்வையையே பறிக்கக்கூடும். திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். முழு வளையம் 44 பாகை அகலமுள்ளது. முழு அளவு சென்சார் கொண்ட கேமராவின் 24 மி.மீ. லென்ஸ், சட்டத்தின் குறுகிய பக்கத்தில் 53 பாகையைக் காட்டுவதால் வளையம் அடங்கும், 50 மி.மீ. லென்ஸில் அடங்காது. கைபேசி தானாக முடிவுசெய்யும் வெளிச்சத்தை ஓரிரு படி குறைத்தால், வெளுத்துப்போன சிவப்பு விளிம்பு மீண்டும் தெரியும்.

படத்தோடு நேரத்தையும் இடத்தையும் குறித்து வைப்பதை நான் வற்புறுத்துவேன். அவ்விரண்டும் இருந்தால் சூரியனின் உயரத்தைப் பின்னர் எவரும் கணக்கிடலாம். அந்த மாலையில் தோன்றியது கிடைவில் அன்று என்று உறுதியாகச் சொல்ல முடிவதும் அந்தக் கணக்கால்தான்.