வீடு மாறியும் பழைய தெருவையே காட்டும் கைப்பேசி

பாளையங்கோட்டையிலிருந்து கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "புது வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும், நான் இன்னும் பழைய தெருவிலேயே இருப்பதாகக் கைப்பேசியின் வரைபடம் காட்டுகிறது. வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தால் சற்று நேரத்தில் சரியாகிவிடுகிறது. ஜிபிஎஸ் பழுது, போர்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?"

வேண்டியதில்லை. வெளியே வந்தால் சரியாகிவிடுகிறது என்ற ஒரு குறிப்பே ஜிபிஎஸ் நன்றாக இருப்பதற்குச் சான்று. தவறான தகவல் பெரும்பாலும் அவருடைய கூடத்தில் இருக்கும் வைஃபை ரவுட்டர் வழியாகவே வருகிறது.

ஜிபிஎஸ் எப்படி இயங்குகிறது என்பது பலருக்கும் தெரிந்ததே. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தங்கள் அணுக் கடிகார நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் ஓயாமல் அறிவிக்கின்றன. அந்த அலை நம்மை வந்தடைய எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து கைப்பேசி தொலைவைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கேட்டால் இடம் தெரிந்துவிடும். ஆனால் அந்த அலை தரைக்கு வரும்போது மிகமிக மெலிந்திருக்கும்; கான்கிரீட் கூரையைத் தாண்டி உள்ளே வருவது அரிது. ஆகவே வீட்டுக்குள் கைப்பேசி வேறு சாட்சிகளைத் தேடுகிறது. செல்பேசிக் கோபுரங்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் அல்லது சில கிலோமீட்டர் பிழையோடு ஓர் உத்தேசத்தைத் தரும். அதைவிட நுட்பமான சாட்சி வைஃபை. எனக்கு இந்தத் தொழில்நுட்பம் முழுவதிலும் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒவ்வொரு ரவுட்டரும் விநாடிக்குச் சுமார் பத்து முறை தன் இருப்பை அறிவிக்கும் ஒரு சிறு செய்தியை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. அதில் நாம் வைத்த வைஃபை பெயரோடு, உலகில் அந்தக் கருவிக்கே உரிய 48 பிட் முகவரி ஒன்றும் இருக்கும். ரவுட்டரின் அடிப்புறச் சீட்டில் 'மேக்' என்ற தலைப்பில் பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக அச்சிட்டிருப்பது அந்த முகவரியோ, அதற்கு மிக நெருங்கியதோதான். இந்த அறிவிப்பைக் கேட்கக் கடவுச்சொல் தேவையில்லை. தெருவில் போகும் எந்தக் கைப்பேசிக்கும் அது கேட்கும்.

ரவுட்டருக்குத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது தெரியாது. அதற்கு இடம் கற்பிப்பவர்கள் வழிப்போக்கர்கள். ஜிபிஎஸ் தெளிவாகக் கிடைக்கும் தெருவில் ஒருவர் நடந்துபோகும்போது, அவருடைய கைப்பேசி தன் இடத்தையும், அப்போது கேட்ட ரவுட்டர் முகவரிகளையும், ஒவ்வொன்றும் எவ்வளவு வலுவாகக் கேட்டது என்பதையும் கூகுள் அல்லது ஆப்பிளின் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. இப்படிப் பலர் பல பக்கங்களிலிருந்து சொல்லும்போது, எந்தப் பக்கம் வலுவாகவும் எந்தப் பக்கம் மங்கலாகவும் கேட்கிறது என்பதை வைத்து அந்த ரவுட்டர் எந்த வீட்டருகே இருக்கக்கூடும் என்பது கணக்கில் தெளிந்துவிடுகிறது. பிறகு, கூரைக்குக் கீழே செயற்கைக்கோள் கேட்காமல் திண்டாடும் இன்னொரு கைப்பேசி தன்னைச் சுற்றிக் கேட்கும் முகவரிகளைச் சொன்னால் போதும். சில பத்து மீட்டர் துல்லியத்தில் பதில் வந்துவிடும். 2007இல் வெளிவந்த முதல் ஐபோனில் ஜிபிஎஸ் கிடையாது. 2008 ஜனவரியில் வந்த மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பிறகு கோபுரங்களையும் வைஃபையையும் வைத்தே அது இடம் காட்டியது. அதற்கு உதவிய ஸ்கைஹுக் என்ற பாஸ்டன் நிறுவனம் தெருத்தெருவாக வண்டி ஓட்டி முகவரிகளைத் திரட்டியது. இன்று அந்த வேலையை நம் சட்டைப்பைகளே செய்துவிடுகின்றன.

"பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச்சந்து" என்று நாம் வழி சொல்வதைப் போன்றது இது. கோயில் இடம் பெயராது என்ற நம்பிக்கையில்தான் அந்த அடையாளம் நிற்கிறது. நம் வாசகரோ பீரோவோடும் கட்டிலோடும் அந்த அடையாளத்தையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். அக்கம்பக்கத்தில் நிறைய ரவுட்டர்கள் இருந்தால் அவை இந்த ஒன்றின் தவறான சாட்சியை அடித்துத் தள்ளிவிடும். வீடுகள் இனிமேல்தான் நிரம்பப்போகும் புதிய குடியிருப்புப் பகுதியில் மறுப்பதற்கு ஆளில்லை. போதாக்குறைக்கு, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையிலும் இயங்கும் ரவுட்டருக்கு இரண்டு முகவரிகள் உண்டு. ஒரே பெட்டி, ஒன்றையொன்று ஆமோதிக்கும் இரண்டு சாட்சிகளாகத் தெரிகிறது.

இதை உறுதிசெய்ய, கைப்பேசியில் வைஃபையை அணைத்தால் மட்டும் போதாது. ஆண்ட்ராய்டில் இருப்பிட அமைப்புகளுக்குள் 'வைஃபை ஸ்கேனிங்' என்று தனியாக ஒன்று உண்டு. வைஃபை அணைந்திருக்கும்போதும் அது காதைத் திறந்தே வைத்திருக்கும். அதையும் அணைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய், நீலப் புள்ளியைச் சுற்றியுள்ள வெளிர்நீல வட்டத்தைக் கவனியுங்கள். அந்த வட்டம்தான் கைப்பேசி தன் பிழையைப் பற்றித் தானே தரும் மதிப்பீடு. அது சுருங்கிச் சரியான இடத்தில் நின்றால், குற்றவாளி ரவுட்டர்தான். உள்ளேயும் வெளியேயும் எப்போதும் ஓரிரு கிலோமீட்டர் தள்ளியே காட்டும் செயலிக்குக் காரணம் வேறு: அதற்குத் 'துல்லியமான இருப்பிடம்' என்ற அனுமதியை நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள். கணினி உலாவி வேறு நகரத்தைக் காட்டினால், அது பெரும்பாலும் இணைய நிறுவனத்தின் ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்புக்கு அது தரும் எண்ணை, வைத்துச் செய்யப்படும் ஊகம்.

இடம் தவறினால் கைப்பேசியைக் காற்றில் எட்டு வடிவில் சுழற்றச் சொல்வார்கள். அது உள்ளிருக்கும் காந்தத் திசைகாட்டியைச் சீராக்கும்; நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பது திருந்துமே தவிர, எங்கே நிற்கிறீர்கள் என்பது திருந்தாது. மேகம் மூடினால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்பதும் தவறு. மழைமேகம் அந்த அலைகளைக் குறிப்பிடும்படி தடுப்பதில்லை. செயற்கைக்கோள் நம்மை வேவு பார்க்கிறது என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை, ஏனெனில் ஜிபிஎஸ் அலையைக் கைப்பேசி கேட்க மட்டுமே செய்கிறது. நம் இடத்தை அறிந்திருப்பவை தரையிலுள்ள தரவுத்தளங்களே. கவலைப்படுபவர்கள் அவற்றைப் பற்றியே கவலைப்பட வேண்டும்.

அந்தத் தரவுத்தளங்களின் உண்மையும் செயற்கைக்கோள்களிடம் கடன் வாங்கியதுதான். செயற்கைக்கோளின் கடிகாரத்தில் ஒரு மைக்ரோவிநாடி, அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, பிசகினால் தொலைவில் 300 மீட்டர் பிசகும். ஜிபிஎஸ் போலவே இடம் காட்ட இந்தியா நிறுவிய நாவிக் அமைப்பின் முதல் செயற்கைக்கோளில், வெளிநாட்டிலிருந்து வாங்கிப் பொருத்திய மூன்று ரூபிடியம் அணுக் கடிகாரங்களும் செயலிழந்தன. 2023 மே மாதம் ஏவப்பட்ட, அதே அமைப்பின் என்விஎஸ்-01 செயற்கைக்கோள்தான் உள்நாட்டில் செய்த அணுக் கடிகாரத்தைச் சுமந்து சென்றது. சாதாரணக் கைப்பேசிகள் பரவலாகப் பயன்படுத்தும் எல்-1 அலைவரிசையும் அதில்தான் முதலில் இடம்பெற்றது. ராக்கெட் ஏவுதலுக்குக் கிடைக்கும் கைதட்டல் கடிகாரம் செய்யும் ஆய்வகத்துக்குக் கிடைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் செய்யவேண்டிய அந்த ஆய்வுக்குத் தடையின்றி நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகர் செய்யவேண்டியது எளிது. மாடியில் செய்த சோதனை முடிந்ததும் வைஃபை ஸ்கேனிங்கையும் இருப்பிடச் சேவையையும் மீண்டும் இயக்கி, ரவுட்டர் கேட்கும் தூரத்துக்குள் திறந்த வானத்தின் கீழ் அவ்வப்போது நடக்கட்டும். வீட்டார் கைப்பேசிகளும் சேர்ந்தால் நல்லது. புதிய இடம் படிப்படியாகப் பதிவாகும். உடனே நடக்காது, எவ்வளவு பேர் அந்தப் பக்கம் கடந்துபோகிறார்கள் என்பதைப் பொறுத்து நாட்களோ வாரங்களோ ஆகலாம். அதுவரை பொறுக்க முடியாவிட்டால், வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோட்டையும் அதை ஒட்டி 'நோமேப்' என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலும் (_nomap) சேர்க்கலாம். அந்த ரவுட்டரை இருப்பிடக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்ற வேண்டுகோள் அது. கூகுளும் ஆப்பிளும் அதை ஏற்கின்றன. பெயர் மாறுவதால் வீட்டிலுள்ள தொலைக்காட்சி, மடிக்கணினி அனைத்தையும் ஒருமுறை புதிதாக இணைக்க வேண்டியிருக்கும்.