சென்னைக் காற்றும் கல்யாண ஜடையும்

போன வைகாசியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்கால ரிசப்ஷனுக்கு மயிலாப்பூரில் ஒரு பார்லரில் முடியைச் சுருள் சுருளாக விட்டிருந்தார்கள். அத்தனை அழகு. கார் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வடபழனி மண்டபத்தில் வந்து இறங்கும்போது பாதிச் சுருள் நேராகத் தொங்கியது. "சித்தி, எல்லாம் போச்சு" என்று கண் கலங்கிவிட்டாள். பார்லரில் தப்பில்லை. கடற்காற்றில் வந்த ஈரம் செய்த வேலை அது.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைப் பிடித்துவைக்கும் பிணைப்புகளில் இரண்டு இங்கே முக்கியம். கந்தகப் பிணைப்பு உறுதியானது, தண்ணீருக்கு அசையாது. ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமானது, ஆனால் ஏராளமாக இருக்கும். ஈரமோ சூடோ பட்டால் விட்டுவிடும். காய்ந்து ஆறும்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ, அப்படியே மறுபடி பிடித்துக்கொள்ளும். கர்லிங் ராடு செய்வது இதைத்தான். அதனால் சுட்ட சுருளை உடனே உதறக் கூடாது. சுருட்டியபடியே பின் குத்தி, தொட்டால் சூடு தெரியாத வரைக்கும் ஆறவிட வேண்டும். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இந்தப் பத்து நிமிஷத்தைத்தான்.

சரி, நனையாத முடி ஏன் அவிழ்கிறது? முடி காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். காற்று ஈரத்தால் நிறைந்திருந்தால் தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் நீளவும் செய்யும். ஜெனீவாவைச் சேர்ந்த விஞ்ஞானி சொசூர், இந்த நீட்சியை வைத்தே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியை 1783-இல் விவரித்தார். உள்ளே போன நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, சுருள் தளர்கிறது. ஹேர் ஸ்ப்ரே முடிகள் தொடும் இடங்களில் பசைபோல ஒட்டி, சரிவைக் கொஞ்சம் தள்ளிப்போடும். ஏசி காற்றின் ஈரத்தைக் குறைக்கும். அதன் குழாயில் சொட்டும் தண்ணீரே சாட்சி. ஆகவே விரித்த சுருள்தான் வேண்டுமென்றால் ஏசி மண்டபத்திலேயே வைத்துச் சுருட்டச் சொல்லுங்கள்.

ஜடையின் கதை வேறு. அது நிற்பது உராய்வால். முடியின் மேற்பரப்பில் ஓட்டுக்கூரை மாதிரி நுண்செதில்கள் அடுக்கியிருக்கும். மூன்று கால்களும் ஒன்றையொன்று அழுத்தும்போது அவை வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் முடி சற்றுப் பருத்தாலும் பின்னல் தளராது. அன்று காலையே தலைக்குக் குளித்து கண்டிஷனர் போட்டால்தான் வழுக்கும். முதல் நாளே குளித்துவிடுவது நல்லது. பூ ஜடையும் குஞ்சலமும் கனமானவை. பிடரி முடி மட்டும் அதைச் சுமந்தால் ஹோமம் முடிவதற்குள் தலை வலிக்கும். ராக்கொடி வைக்கும் இடத்தில் சின்னக் கொண்டை போட்டு, கொண்டை ஊசிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் குத்தினால் பாரம் பரவும்.

மறுநாள் முகூர்த்தத்துக்கு அவளுக்குச் சவுரி வைத்துப் பின்னினோம். வியர்வை, ஹோமப் புகை, மாலை மாற்றல் எதற்கும் அசையவில்லை. மத்தியானம் பூவை எடுத்துவிட்டு ஜடையைப் பிரித்தேன். முந்தின நாள் அவள் ஆசைப்பட்ட அலைகள் அத்தனையும் முதுகில் விழுந்தன.